காற்றாடி நிழலில் படிக்கும் பிள்ளைகள்: எரிசக்தி நிறுவனமும் அரசுப் பள்ளியும் சேர்ந்து வேலை செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து முப்பந்தல், காவல்கிணறு, பணகுடி என்று வடக்கே வரும்போது சாலையின் இரு புறமும் காற்றாலைகள் நிற்கும். ஊரில் அவற்றுக்குக் காற்றாடி என்றுதான் பெயர். அந்தப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில், 9ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜன்னல் வழியே ஒரு காற்றாடியைக் காட்டி, "உச்சியில் இருக்கிற அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?" என்று கேட்டேன். "ஃபேன் மோட்டார் சார்" என்றான் ஒருவன். "கரண்ட் கொடுத்துத்தான் சார் அதைச் சுற்ற விடுகிறார்கள்" என்றாள் ஒரு சிறுமி. பிறந்த நாளிலிருந்து அந்த இறக்கைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். அவர்கள்மீது எந்தப் பிழையும் இல்லை. அந்தக் கதவை அவர்களுக்கு யாரும் திறந்து காட்டவில்லை.

காற்றாலைப் பராமரிப்பில் 19 ஆண்டுகள் வேலை பார்த்தேன். நான் இருந்த சைட்டுகளில் ஊர்க்காரர்களுக்குப் பெரும்பாலும் காவலாளி வேலைதான் கிடைத்தது. கோபுரத்தில் ஏறிப் பழுது பார்த்தவர்கள் வேறு ஊர்களிலிருந்து வந்து, லாட்ஜில் தங்கி, இரண்டு ஆண்டுகளில் மாற்றல் வாங்கிப் போனார்கள். நிறுவனத்துக்கும் அது நஷ்டம், ஊருக்கும் நஷ்டம். இதை மாற்ற முடியும் என்று நம்பியே, கடந்த சில ஆண்டுகளாகப் பள்ளிகளுக்கும் நிறுவனங்களுக்கும் இடையே அலைந்து கொண்டிருக்கிறேன். தலைமை ஆசிரியர்கள், நிறுவனத்தின் சைட் பொறுப்பாளர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர் ஆகிய மூவரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

இதற்கு இப்போது அவசரமும் இருக்கிறது. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் 1986இல் தொடங்கியது தமிழ்நாட்டின் காற்று மின்சாரம். இன்று அது 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. தொண்ணூறுகளில் நட்ட 225, 250 கிலோவாட் இயந்திரங்களுக்கு வயதாகிவிட்டது. அவற்றைப் புதுப்பிக்கவும், அகற்றிவிட்டுப் பெரியவற்றை நிறுவவும் மாநில அரசு 2024இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. கங்கைகொண்டானில் ஆண்டுக்கு 4.3 கிகாவாட் அளவுக்குச் சூரிய மின் செல்களும் பேனல்களும் செய்யும் டாடா தொழிற்சாலை வந்திருக்கிறது. ஒரு கோடி வீடுகளின் கூரையில் பேனல் அமைக்க மத்திய அரசு 2024 பிப்ரவரியில் பி.எம். சூரிய கர் திட்டத்தைத் தொடங்கியது. கடலில் காற்றாலை அமைக்கும் திட்டத்தில் குஜராத்துக்கு 500, தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட் ஒதுக்கியிருக்கிறார்கள். இன்று 9ஆம் வகுப்பில் இருப்பவர் தொழில் படித்து முடித்து வெளியே வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அப்போது இந்த வேலைகளுக்கு ஆள் தேடுவார்கள். தேடும் இடத்தில் நம் பிள்ளைகள் தயாராக நிற்க வேண்டும்.

1. எந்த வேலைக்கு என்று முதலில் கண்டுபிடியுங்கள்

பெரும்பாலான கூட்டு முயற்சிகள் "பசுமை எரிசக்தி விழிப்புணர்வு" என்று தொடங்கி, ஒரு பேச்சு, ஒரு ஓவியப் போட்டி, ஒரு புகைப்படம் என்று முடிந்துவிடுகின்றன. விழிப்புணர்வு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையும் வேலைக்குப் போக முடியாது.

பள்ளியை நடுவில் வைத்து 25 கிலோமீட்டர் சுற்றளவில் எரிசக்தி தொடர்பாக என்னென்ன இடங்கள் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதுங்கள். காற்றாலை சைட், துணை மின் நிலையம், கூரை சோலார் பொருத்தும் சிறு ஒப்பந்ததாரர், மோட்டார் காயில் கட்டும் பட்டறை, பேனல் தொழிற்சாலை எல்லாம் அதில் வர வேண்டும். காயில் கட்டும் பட்டறையை விட்டுவிடாதீர்கள். தாமிரக் கம்பியும் காந்தமும் சேர்ந்து செய்யும் வேலையை அங்கே பார்ப்பதைப் போல வேறெங்கும் பார்க்க முடியாது.

பிறகு ஒவ்வோர் இடத்துக்கும் நேரில் போய் மூன்று கேள்விகள் கேளுங்கள். கடந்த ஆண்டு எத்தனை பேரைப் புதிதாக எடுத்தீர்கள்? எந்த ஊரிலிருந்து, என்ன படித்தவர்கள்? வந்தவர்களிடம் எது இல்லாததால் நீங்கள் சிரமப்பட்டீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் ஆசிரியர்களை எப்போதும் வியக்க வைக்கும். "மின்சாரம் தெரியவில்லை" என்று சொல்பவர்கள் குறைவு. "மின்சுற்று வரைபடத்தைப் பார்த்துப் படிக்கத் தெரியவில்லை", "பாதுகாப்புப் பழக்கம் இல்லை", "பார்த்த பழுதை எழுதத் தெரியவில்லை" என்பவைதான் அடிக்கடி வருகின்றன.

எழுதுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் பொறுப்பில் இருந்தபோது ஒரு பையன் பதிவேட்டில் இப்படி எழுதி வைத்திருந்தான்: "மிஷின் நின்றது. ரீசெட் செய்தேன். ஓடியது." மறுநாள் அதே இயந்திரம் மறுபடி நின்றது. என்ன பிழைக் குறியீடு வந்தது, அப்போது காற்று எவ்வளவு, மூன்று பேஸிலும் எத்தனை வோல்ட், கியர் ஆயில் சூடு எவ்வளவு என்று ஒரு வரியும் இல்லை. மூன்றாவது நாள் மூல காரணம் கிடைத்தபோது, ஒரு பேஸின் இணைப்பு தளர்ந்து கருகியிருந்தது. முதல் நாளே மூன்று பேஸின் வோல்ட் எண்களை எழுதியிருந்தால் பத்து நிமிட வேலை. அந்தப் பையன் கெட்டிக்காரன். கண்ணால் கண்டதை வரிசையாக எழுத அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆகவே, தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் இந்தக் கூட்டில் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். இயற்பியல் ஆசிரியரோடு இதை நிறுத்திவிடாதீர்கள்.

2. ஆளைத் தேர்ந்தெடுங்கள்

நிறுவனம் பள்ளிக்குக் கொடுக்க வேண்டிய முதல் பொருள், தன் தொழிலாளி ஒருவரின் நேரம். பேனல், கம்ப்யூட்டர், சுவருக்குப் பெயின்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தொழிலாளி மனிதவளப் பிரிவிலிருந்து வருபவராக இருக்க வேண்டாம். தினமும் கையில் ஸ்பேனர் பிடிப்பவராக, ஐ.டி.ஐ. படித்தவராக, முடிந்தால் அந்த வட்டாரத்துப் பேச்சு பேசுபவராக இருக்கட்டும். பிள்ளைகள் அவரை 'அண்ணா' என்று கூப்பிட வேண்டும். "நானும் உங்களைப் போல இதே மாதிரிப் பள்ளியில்தான் படித்தேன்" என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியம், கோட் போட்ட அதிகாரியின் ஒரு மணி நேரப் பேச்சைவிடப் பிள்ளைகளின் மனத்தில் ஆழமாகப் பதியும்.

காற்று வீசும் மாதங்கள் நீங்கலாக, மாதம் இரண்டு அரை நாள் போதும். அது அவருடைய ஷிப்டு அட்டவணையில் வேலை நேரமாகவே எழுதப்பட வேண்டும். "ஓய்வு நாளில் போய் வா" என்றால் மூன்றாவது மாதம் நின்றுவிடும்.

பள்ளியின் பக்கம் இரண்டு ஆசிரியர்கள் வேண்டும். ஒருவருக்கு மாறுதல் வந்தால் மற்றவர் தொடர்வார். 'நான் முதல்வன்' திட்டத்தில் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை உயர்கல்வி வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியர் இருப்பார். அவரை இதில் சேர்த்துக்கொண்டால் பாட வேளைக்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. தலைமை ஆசிரியரும் மாறுவார், நிறுவனத்தின் சைட் மேலாளரும் மாறுவார். மாறாமல் ஊரிலேயே இருப்பவர்கள் பெற்றோர். பள்ளி மேலாண்மைக் குழுவில் ஓர் அம்மாவையோ அப்பாவையோ இதற்கென்று பொறுப்பாக்குங்கள்.

3. தாளில் எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு பள்ளியில் பூட்டிய அறை ஒன்றைக் காட்டினார்கள். உள்ளே சூரிய மின் ஆய்வகம். ஒரு நிறுவனம் லட்சக்கணக்கில் செலவழித்து அமைத்துக் கொடுத்தது. பேனல்கள் கூரையில் பளபளவென்று இருந்தன. அறைக்குள் இருந்த நான்கு பேட்டரிகளிலும் தண்ணீர் வற்றி, தட்டுகள் வெளுத்துப் போயிருந்தன. டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும் என்று யாருக்கும் சொல்லித்தரவில்லை. பேட்டரி கெட்டால் யார் மாற்றுவது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை. திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் புதிதாக இருந்தது. எனக்கு அன்று ஏற்பட்ட வருத்தம் இன்னும் தீரவில்லை.

புரிந்துணர்வு ஒப்பந்தம் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அதில் இவை கட்டாயம் இருக்கட்டும்: குறைந்தது மூன்று ஆண்டு காலம், வரப்போகும் தொழிலாளியின் பதவி, மாதத்துக்கு எத்தனை மணி நேரம், கொடுக்கும் ஒவ்வொரு பொருளையும் பராமரிப்பது யார், பிள்ளைகளின் படத்தை நிறுவனம் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாமா, நடுவில் விலகினால் எத்தனை மாத முன்னறிவிப்பு. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி பெற்ற பிறகே கையெழுத்து. பொருளாகவோ பணமாகவோ வருவதை 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தின் வழியாக வரச் செய்தால் கணக்கு தெளிவாக இருக்கும்.

நிறுவனத்தார் அறிந்திருக்க வேண்டிய ஒன்று: 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆவது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய வரம்புகளில் ஒன்றைத் தொட்டாலும், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். கல்விக்குச் செய்வது இதில் அடங்கும். ஆனால் ஊழியர் பள்ளியில் செலவிடும் நேரத்தை ரூபாயாக்கி இந்தக் கணக்கில் காட்ட முடியாது. பொருளாகக் கொடுத்துவிட்டு நிறுவனங்கள் ஒதுங்கிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதனால்தான் தொழிலாளியின் நேரம் என்பது நிறுவனத்தின் சொந்த முடிவாக, மேலிடத்திலிருந்து வர வேண்டியிருக்கிறது. எதிர்காலத்தில் தன் சைட்டுக்கே வந்து நிற்கப்போகும் ஆட்கள் இவர்கள் என்று நினைத்தால், அந்த மணி நேரங்கள் வீண் செலவாகத் தோன்றாது.

4. இரண்டு நாட்காட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். காற்றாலைக்காரருக்கு அதுதான் அறுவடைக் காலம். மே நடுவில் தொடங்கி செப்டம்பர் முடியும் வரை ஓடுகிற ஓட்டத்தில்தான் ஆண்டு வருமானத்தின் பெரும் பகுதி வரும். அந்த நாட்களில் ஓர் இயந்திரம் ஒரு மணி நேரம் நின்றாலும் மேலாளருக்குத் தூக்கம் வராது. ஜூலை மாதம் பள்ளியிலிருந்து போய், "உங்கள் டெக்னீஷியனை அரை நாள் அனுப்புங்கள்" என்று கேட்டால் என்ன பதில் வரும்? பள்ளி அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளும். நல்ல கூட்டுகள் பல இந்த இடத்தில்தான் முறிந்தன.

பள்ளிக்கும் தன் காலம் உண்டு. ஜூனில் திறப்பு, செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, மார்ச்சில் பொதுத் தேர்வு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் அட்டவணை இதுதான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை எல்லாம் வகுப்பறைக்குள்ளும் பள்ளி மொட்டை மாடியிலும் நடக்கட்டும். காற்று வீசும் காலம் என்பதால் காற்றை அளக்க இதைவிட நல்ல நேரம் இல்லை. நிறுவனத்திடம் இந்த மாதங்களில் ஆளைக் கேட்காதீர்கள். வாரம் ஒரு முறை முந்தைய நாளின் காற்று வேகத்தையும் உற்பத்தியையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அது ஐந்து நிமிட வேலை, யாரும் மறுக்க மாட்டார்கள்.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் காற்று குறையும். டெக்னீஷியன்கள் பள்ளிக்கு வரலாம். ஆனால் வடகிழக்குப் பருவமழையும் இடியும் இருக்கும் காலம். பிள்ளைகளைத் திறந்தவெளிச் சைட்டுக்குக் கூட்டிப்போக வேண்டாம்.

ஜனவரி, பிப்ரவரிதான் பொன்னான காலம். வானம் வெளுத்திருக்கும், காற்று ஓய்ந்திருக்கும், ஆண்டுப் பராமரிப்புக்காக இயந்திரங்களைத் திறந்து போட்டிருப்பார்கள். சைட்டைப் பார்க்க அப்போது போக வேண்டும். 10, 12ஆம் வகுப்புகளுக்குத் திருப்புதல் தேர்வுகள் நடக்கும் நேரம் அது; அவர்களைத் தொடாதீர்கள். 9ஆம் வகுப்பையும் 11ஆம் வகுப்பையும் அழைத்துப் போங்கள்.

சோலார் நிறுவனத்தோடு கூட்டு என்றால் இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் மட்டும் அவர்களைத் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும்.

5. வகுப்பறையில் என்ன செய்வது

இந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் ஆசிரியர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்பது இதைத்தான்.

8, 9ஆம் வகுப்பு: வீட்டு மீட்டர் நோட்டு. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தேதி, நேரம், மீட்டர் எண், நேற்றுக்கும் இன்றைக்கும் வித்தியாசம், இன்று வீட்டில் கூடுதலாக என்ன ஓடியது என்று ஐந்து கட்டம். தமிழ்நாட்டில் மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்பதால் அறுபது நாள் எழுத வேண்டும். முதல் வாரம் பிள்ளைகளுக்குச் சலிப்பாக இருக்கும். மூன்றாவது வாரம் கேள்விகள் தொடங்கும். மாவு அரைத்த நாளில் ஏன் கூடியது? ஊருக்குப் போய் வீடு பூட்டிக் கிடந்த நாளிலும் ஏன் எண் ஓடியது? குளிர்பதனப் பெட்டியை அணைக்காமல் போயிருப்பார்கள். 75 வாட் பழைய மின்விசிறி பத்து மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட். 30 வாட்டில் ஓடும் புது வகை விசிறிக்கு அதே நேரத்தில் 0.3 யூனிட். இந்தக் கணக்கைப் போட்ட ஒரு சிறுமி வீட்டில் நான்கு விசிறிக்கும் கணக்குப் பார்த்து, இரண்டு மாதக் கட்டணத்தில் எவ்வளவு மிச்சம் என்று அப்பாவுக்கு எழுதிக் காட்டினாள். இலவசமாகக் கிடைக்கும் முதல் 100 யூனிட்டையும் சரியாகக் கழித்திருந்தாள். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக இருந்த கிலோவாட் மணி, அதாவது யூனிட், அவளுக்கு வீட்டுச் சமாசாரம் ஆகிவிட்டது.

9, 10ஆம் வகுப்பு: ஒரு 10 வாட் பேனல், ஒரு மல்டிமீட்டர். கடையில் இரண்டும் எளிதாகக் கிடைக்கும். வெயிலில் வைத்து மின்னழுத்தத்தை அளந்தால் 20 வோல்ட்டை ஒட்டி வரும். காலை 8 மணி, 10, 12, 2, 4 என்று அளக்கச் சொல்லுங்கள். பேனலைத் தெற்கு நோக்கி 8, 9 டிகிரி சாய்த்தும், படுக்க வைத்தும், செங்குத்தாக நிறுத்தியும் அளக்கட்டும். திருநெல்வேலி வட்டாரத்தின் அட்சரேகையே சாய்வுக் கோணத்துக்கு அடிப்படை என்பதைப் புவியியல் ஆசிரியர் விளக்கட்டும். பிறகு உள்ளங்கையால் ஒரே ஒரு செல்லை மட்டும் மூடச் சொல்லுங்கள். முப்பத்தாறில் ஒன்றைத்தானே மூடினோம், கொஞ்சம்தான் குறையும் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பார்கள். மின்னோட்டம் அடியோடு சரிந்துவிடும். செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கண்ணி அடைத்தால் சங்கிலி முழுவதும் நிற்கும். கூரையில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்தால் ஏன் உற்பத்தி போகிறது என்று அதற்குப் பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இங்கேயே ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். சிறு பேனலில் செய்வதைக் கூரைப் பேனலில் செய்யக் கூடாது. வெயில் இருக்கும் வரை பேனலை அணைக்க முடியாது. பல பேனல்களைக் கோத்த வரிசையில் பல நூறு வோல்ட் நேர்மின்னோட்டம் நிற்கும். அதை இழுத்துப் பிரித்தால் தீப்பொறி விடாமல் எரியும்.

11ஆம் வகுப்பு: காற்றின் கன விதி. கையடக்கக் காற்று வேகமானி ஒன்றை மொட்டை மாடிக்கு எடுத்துப் போங்கள். காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைச் சார்ந்தது. வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் கிடைப்பதைப் போல 8 மீட்டரில் எட்டு மடங்கு கிடைக்கும். நிறுவனம் வாரம்தோறும் அனுப்பும் எண்களை வரைபடத்தாளில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். கோடு வளைந்து ஏறும். 12 மீட்டர் பக்கம் வந்ததும் ஏறாமல் படுத்துவிடும். ஏன் படுத்தது என்ற கேள்வியை அப்படியே வைத்திருங்கள். டெக்னீஷியன் அக்டோபரில் வரும்போது பிள்ளைகள் அவரிடம் கேட்கட்டும். இறக்கைகள் தம்மைத் திருப்பிக்கொண்டு மிகுதிக் காற்றைக் கைவிடுவதை அவர் கையை விரித்துக் காட்டி விளக்குவார். அந்தப் பத்து நிமிடம்தான் இந்த முழு ஏற்பாட்டின் உயிர்.

தொழிற்கல்விப் பிரிவில் அடிப்படை மின் பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்குப் பழுது கண்டுபிடிக்கும் பயிற்சி. பலகையில் 12 வோல்ட் மின்சுற்று அமைத்து, டெக்னீஷியன் ஒரு பழுதை ஒளித்து வைக்கட்டும். கண்டுபிடிப்பது பாதி மதிப்பெண், பதிவேட்டில் எழுதுவது மறு பாதி. தமிழாசிரியர் இங்கே வருகிறார். நேரம், அறிகுறி, அளந்த எண், செய்தது, பிறகு அளந்த எண் என்ற வரிசையில் எழுதாதவர் திருப்பி எழுத வேண்டும்.

6. சைட்டுக்குப் போகும் நாள்

நூறு பேரை இரண்டு பஸ்ஸில் ஏற்றிப் போவது சுற்றுலா. ஒரு முறைக்கு 24 பேர், எட்டு எட்டாக மூன்று குழு, குழுவுக்கு ஒரு டெக்னீஷியன், ஓர் ஆசிரியர். காலை 8 மணிக்குப் போய் மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்குத் திரும்பிவிட வேண்டும்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 14 வயதுக்குக் கீழே எந்த வேலையிலும், 18 வயது வரை ஆபத்தான வேலையிலும் பிள்ளைகளை ஈடுபடுத்தக் கூடாது. ஆகவே பார்வையிடல் மட்டுமே. கோபுரத்தில் ஏறுவது, மின்சாரம் ஓடும் பலகையைத் தொடுவது, துணை மின் நிலைய வேலிக்குள் போவது எதுவும் கிடையாது. எவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்டாலும் "நாலு படி மட்டும்" என்று கூட விடாதீர்கள். பெற்றோரின் எழுத்துச் சம்மதம், முதலுதவிப் பெட்டி, பிள்ளைகளின் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட், கால் மூடிய செருப்பு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் பலரிடம் ஷூ இருக்காது. நிறுவனம் முன்பே அளவு கேட்டு வாங்கித்தருவது மரியாதை. அன்று காலை கேட்டு ஒரு பிள்ளையைக் கூனிக் குறுக வைக்காதீர்கள்.

பார்க்க வேண்டியவை மூன்று போதும். கோபுரத்தின் அடியில் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி, வேலிக்கு வெளியே நின்றபடி துணை மின் நிலையம், பின்புறம் கழித்துப் போட்ட பழைய பாகங்கள். மூன்றாவதைத்தான் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். ஒரு சைட்டில் பழைய கியர்பாக்ஸ் ஒன்று மூடி கழற்றிக் கிடந்தது. பழைய சிறு இயந்திரங்களில் இறக்கை நிமிடத்துக்குச் சுமார் 40 சுற்றுதான் சுற்றும். ஜெனரேட்டருக்கு 1,000 சுற்று வேண்டும். தடித்த அச்சில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஒல்லி அச்சைக் கையால் சுற்றச் சொன்னோம். 11ஆம் வகுப்பு மாணவி ஒருத்தி உரக்க எண்ணிக்கொண்டே சுற்றினாள். இருபத்தைந்தாவது சுற்றில் சாக்பீஸ் கோடு புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. கையெல்லாம் கரிய எண்ணெய். அவள் துடைத்துக்கொள்ளக் கூட இல்லை, மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

பாதுகாப்புப் பழக்கத்தையும் அங்கேயே காட்ட வேண்டும். வேலை செய்யும் முன் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதை டெக்னீஷியன் செய்து காட்டட்டும். மின்வாரியத்தில் எல்.சி. (லைன் கிளியர், அதாவது அந்த லைனில் மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்ற அனுமதி) வாங்காமல் கம்பத்தில் ஏறக் கூடாது என்பதும் இதே பழக்கம்தான். எல்.சி. வாங்கியதாக வாய்ச் சொல்லை நம்பி ஏறி உயிர் விட்டவர்கள் எத்தனையோ ஊர்களில் உண்டு. பிள்ளைகளிடம் இதை மறைக்க வேண்டாம்.

7. பெற்றோரோடு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் அம்மாக்களோடு பேசுங்கள்

மின்சார வேலை என்றாலே ஆண் பிள்ளைக்கு என்று ஊரில் ஒரு முடிவு இருக்கிறது. பேச்சால் அது மாறாது. கங்கைகொண்டான் பேனல் தொழிற்சாலையில் வேலை செய்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் தென் மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். அப்படி வேலை செய்யும் ஒரு பெண்ணையும் அவருடைய அம்மாவையும் பெற்றோர் கூட்டத்துக்கு வரவழையுங்கள். மேடை, மைக் எதுவும் வேண்டாம். அம்மாக்கள் கேட்கும் கேள்விகள் நேரானவை. இரவு ஷிப்டு உண்டா? பஸ் வீட்டு வாசல் வரை வருமா? கழிப்பறை இருக்கிறதா? சம்பளம் கையில் எவ்வளவு? ஒவ்வொன்றுக்கும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். காற்றாலை சைட் பலவற்றில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்பது உண்மை. அதைக் கட்டுவதாக நிறுவனம் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்கட்டும்.

8. பத்து, பன்னிரண்டு முடித்த பிறகு எந்தப் படி

ஆசிரியர்களிலேயே பலருக்கு இந்தப் படிகள் முழுவதும் தெரிவதில்லை. ஒரு சார்ட்டில் எழுதி வகுப்பில் ஒட்டுங்கள்.

பத்தாம் வகுப்பு முடித்தவர் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் அல்லது ஃபிட்டர் பிரிவில் இரண்டு ஆண்டு படிக்கலாம். அல்லது பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டு பட்டயம். ஐ.டி.ஐ. முடித்தவரும், பன்னிரண்டாம் வகுப்பில் தொழிற்கல்வி படித்தவரும் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர முடியும். ஐ.டி.ஐ. போனால் அதோடு படிப்பு முடிந்தது என்று அஞ்சும் பெற்றோருக்கு இந்த ஒரு வழியைச் சொன்னாலே முகம் மாறும். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் புதிய இயந்திரங்களோடு தரம் உயர்த்தப்பட்டிருக்கின்றன. பக்கத்தில் இருப்பதை நேரில் போய்ப் பாருங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும், ஐ.டி.ஐ., பாலிடெக்னிக்குக்கும் இது பொருந்தும்.

ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்குச் சூரிய மின் அமைப்புகளில் சூர்யமித்ரா பயிற்சி உண்டு. ஏறத்தாழ 600 மணி நேரம், கட்டணமில்லை. காற்றாலைக்கு, சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் வாயுமித்ரா பயிற்சி நடத்துகிறது. அந்நிறுவனத்தின் சோதனை நிலையம் கயத்தாற்றில்தான் இருக்கிறது. தென் மாவட்டப் பள்ளிகள் கடிதம் எழுதி அதைப் பார்க்க அனுமதி கேட்கலாம்.

இந்த இடத்தில் நிறுவனத்தின் கடமை ஒன்று வருகிறது. 1961ஆம் ஆண்டு தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டத்தின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள், தம் ஆட்களின் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுக்க வேண்டும். எப்படியும் எடுக்கப்போகும் அந்த இடங்களில் இரண்டையாவது இந்தப் பள்ளியின் பழைய மாணவர்களுக்கு முன்னுரிமையாகத் தருவோம் என்று எழுதிக் கொடுங்கள். "எல்லோருக்கும் வேலை" என்று மட்டும் மேடையில் சொல்லாதீர்கள். அந்தச் சொல்லை நம்பி வேறு வாய்ப்பை விட்ட பையன்களை எனக்குத் தெரியும்.

9. செலவு

அதிகம் இல்லை. மல்டிமீட்டர், சிறு பேனல், வேகமானி, கம்பி, நோட்டு எல்லாம் சேர்ந்தும் ஒரு ஆய்வகத் திறப்பு விழாவின் பந்தல் செலவுக்குள் அடங்கும். பள்ளியில் அடல் டிங்கரிங் ஆய்வகம் இருந்தால் பாதிக் கருவிகள் ஏற்கெனவே அங்கே இருக்கும். முதலில் அந்த அலமாரியைத் திறந்து பாருங்கள்.

10. பதிவேடு

எத்தனை நிகழ்ச்சி நடத்தினோம் என்ற கணக்கால் பயன் இல்லை. நீள நோட்டு ஒன்றில் பிள்ளையின் பெயர், பள்ளி முடித்த ஆண்டு, சேர்ந்த படிப்பு, இப்போது இருக்கும் இடம் என்று எழுதி, ஆண்டுக்கு ஒரு முறை, பொங்கல் விடுமுறையில், பொறுப்பேற்ற அம்மாவோ அப்பாவோ வீடு வீடாகப் போய்ப் புதுப்பிக்க வேண்டும். போனில் கேட்டால் "நன்றாக இருக்கிறான்" என்ற பதிலோடு முடிந்துவிடும். படிப்பைப் பாதியில் விட்டவர்களையும் எழுதுங்கள், ஏன் விட்டார்கள் என்றும் எழுதுங்கள். பஸ் வசதி இல்லை என்று மூன்று பேர் விட்டிருந்தால், அடுத்த ஆண்டு நிறுவனத்திடம் கேட்க வேண்டியது பேனல் அல்ல, பஸ் கட்டணம்.

கடைசியாக ஒரு கட்டம் சேருங்கள்: "பள்ளிக்கு வந்து வகுப்பு எடுத்த தேதி." நான் போய்வரும் பள்ளி ஒன்றில் அந்தக் கட்டம் மூன்று ஆண்டுகள் காலியாகவே இருந்தது. சென்ற அக்டோபரில் முதல் தேதி விழுந்தது. கியர்பாக்ஸைச் சுற்றி எண்ணிய அந்த மாணவி, இப்போது எலக்ட்ரீஷியன் பழகுநர். கருவி எதுவும் கொண்டுவரவில்லை. தன் சைட் பதிவேட்டின் ஒரு பக்கத்தை நகல் எடுத்து வந்து, 9ஆம் வகுப்புக்கு ஒரு பழுதை எப்படி எழுதுவது என்று பாடம் எடுத்தாள்.